பருத்தி என்று எழுதிய சரக்கு

கடையில் பனியன் வாங்கும்போது எல்லாரும் அளவைத்தான் பார்ப்பார்கள். நான் கழுத்துக்குள் தைத்திருக்கும் லேபிளைப் படிப்பேன். தொழில் பழக்கம், சார். நீங்கள் தெலுங்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் தமிழில் நிதானமாகச் சொல்கிறேன்.

நான் நகரிக்காரன். திருப்பதியில் கஸ்டம்ஸ் ஏஜென்ட். வெளிநாட்டிலிருந்து வரும் துணி எந்த வகையில் சேரும் என்று தீர்மானித்து எழுதிக்கொடுப்பது என் வேலை. பின்னியதா, நெய்ததா, பருத்தியா, செயற்கை இழையா. ஒவ்வொன்றுக்கும் வரி வேறு. கலப்பு நூல் என்றால் எடையில் எது அதிகமோ அதுதான் கணக்கு. இதில் நான் தவறியதே இல்லை என்று பெயர். ஒரே ஒரு வியாபாரிக்கு மட்டும், வரி குறையட்டும் என்று, பாலியெஸ்டர் ஸ்வெட்டர்களைப் பருத்தி என்று எழுதிவந்தேன். அதைத் தவறு என்று சொல்ல முடியாது. தெரிந்தே செய்தது.

வேணு என்னிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். கார்வேட்டிநகரம் பக்கம், விவசாயக் குடும்பம். நல்ல பையன், அதை நான் மறுக்க மாட்டேன். போன மே மாதம் சத்தியவேடு கிடங்கில் ஒரு ஸ்வெட்டரின் நூலை உருவித் தீக்குச்சியில் காட்டியிருக்கிறான். பருத்தி என்றால் சாம்பலாகும். இது உருகிச் சொட்டியது.

“அண்ணா, இது காட்டன் இல்லண்ணா. உருகிக்கினு போவுது,” என்றான். “நீங்க அவசரத்துல மாத்திப் போட்டுட்டீங்க போல. நானே ஆபீசருகிட்ட போயி, எம்மேலதான் தப்புன்னு சொல்லிக்கிறேன். உங்க பேரு கெட்டுப்போவக் கூடாது.”

அவன் மிரட்டியிருந்தால் பேசித் தீர்த்திருப்பேன். அவன் என்னை மன்னித்தான். அவன் போய்ச் சொன்னால் ஆபீசர் என் பழைய கணக்கையெல்லாம் கிளறுவார்.

“அடுத்த கன்டெய்னர் வரட்டும்டா. அதுலயும் சாம்பிள் எடுத்துக்கினு, ரெண்டையும் சேத்துச் சொல்லலாம்,” என்றேன். சரியென்றான்.

அந்தக் கன்டெய்னரில் பூச்சி பிடிக்காமலிருக்க விஷப்புகை போட்டு அனுப்பியிருந்தார்கள். அப்படி வந்தால் கதவில் மண்டையோடு போட்ட எச்சரிக்கைச் சீட்டு இருக்கும். திறந்துவைத்து, காற்றோடவிட்டு, சோதித்த பிறகுதான் யாரும் உள்ளே போகலாம். சுமைதூக்கும் முனிரத்தினம் உங்களிடம் சொன்னது சரிதான். லாரி வந்தபோது சீட்டு இருந்தது. அவரை டீ வாங்க அனுப்பிவிட்டு நான்தான் கிழித்தேன். என் காரைச் சோதனை போட்டு நீங்கள் எடுத்தது அந்தச் சீட்டைத்தான்.

வேணுவுக்கு இந்த விவரம் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்ததில்லை. உள்ளே கடைசியில் இருக்கும் பெட்டிகளிலிருந்து எடு என்றேன். போனான். நான் காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டேன்.

அவன் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் ஆட்களைக் கூப்பிட்டேன். ஓடிப்போய்த் தூக்குகிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாவமில்லையா. என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெயில் தாக்கியிருக்கும் என்றேன். அந்த மே மாத வெயிலில் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

வேணுவின் பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் மனைவி ரூபா ஆபீசுக்கு வந்தாள். “கூட இருந்தவரு நீங்கதானே. கடைசியா எதனா சொன்னாராண்ணா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லலம்மா,” என்றேன். அந்தப் பெண்ணை மேலும் அழவைக்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மையில் சொன்னான். உங்களிடம் மறைப்பதற்கில்லை. “அண்ணா, தல சுத்துது, கண்ணெல்லாம் எரியுது. வெளிய வந்துடட்டா?” என்று உள்ளேயிருந்து கேட்டான். கதவு திறந்துதான் இருந்தது, சார். நான் பூட்டவில்லை. அவனைத் தள்ளவும் இல்லை. “இன்னும் ஒரு பெட்டிதான், எடுத்துக்கினு வந்துடு,” என்றேன். அவன் எப்போதும் என் பேச்சைக் கேட்பவன். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?