லோக் வீட்டு முத்திரை

அன்று காலைக் கஞ்சியில் உப்பு கூடிவிட்டது. காசு சோதிக்கும் எங்கள் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: லோக் சுன்ஃபாய் என்னும் நான், இறந்துபோன என் தம்பியின் மகன் கிட்சாங், தேயிலை வியாபாரி யிப், சமையற்காரர் சம். ஒரே பதிலை மூன்று அதிகாரிகளுக்குச் சொல்லிக் களைத்துவிட்டேன். இது கடைசித் தடவை.

கான்டன் துறைமுகத்தில் ஸ்பானிய அரசனின் தலை போட்ட வெள்ளியை அப்படியே யாரும் நம்புவதில்லை. காசை விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு காசால் தட்டி, நாதத்தைக் கேட்போம். நல்லதென்றால் எங்கள் வீட்டு முத்திரையை உளியால் அதன்மேல் அடிப்போம். பின்னால் அது கள்ளக் காசு என்று தெரிந்தால், முத்திரை அடித்தவரே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். என் தாத்தா காலம் முதல் எங்கள் முத்திரை குத்திய காசு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மலைநாட்டுத் தேயிலைக்காரன் அதைப் பார்த்தால் உரசிக்கூடப் பார்க்கமாட்டான்.

யிப் எங்கள் முத்திரை குத்திய காசு ஒன்றை மேசையில் போட்டார். நான் எடுத்துத் தட்டிப் பார்த்தேன்.

"நல்ல வெள்ளி," என்றேன்.

யிப் சிரித்தார். "லோக் ஐயா, உங்க சமையக்கட்டுப் பானையத் தட்டினா இதைவிட நல்லாப் பாடும்."

அடுப்படியிலிருந்து சம் எட்டிப் பார்த்தார். யிப் உளியை வாங்கிக் காசைப் பிளந்தார். உள்ளே செம்பு.

கிட்சாங் சட்டென்று முன்னே வந்தான். "அது நான் தட்டிப் பாத்த காசு, யிப் அண்ணே. தப்பு என்னோடது. பெரியப்பா முத்திரை மட்டுந்தான் அடிச்சாரு."

"நீயா? இந்தத் துறையிலயே உன் காதுக்கு ஈடு கிடையாதேடா!"

"அன்னிக்குத் தூக்கக் கலக்கம்."

கெட்டிக்காரப் பிள்ளை. அந்தக் காசைத் தட்டியது நான்தான். யிப் போனதும் அவன் என் காதருகே குனிந்தான். சில மாதங்களாகவே அப்படித்தான் குனிந்து பேசுகிறான். எனக்கு அது பிடிப்பதில்லை.

"பெரியப்பா, இனிமே தட்டிப் பாக்குறத என்கிட்ட விடுங்க. இந்த வருஷம் நாம முத்திரை குத்தினது எல்லாத்தையும் திருப்பிக் கேட்டு மறுபடி பாத்துடலாம். நாளைக்கு யிப் அண்ணன் படகுலயே ஆரம்பிக்கிறேன். அவர்கிட்ட உள்ளதச் சொல்லிடுறேன். மலைநாட்டு ஆளுங்க நம்ம முத்திரைய நம்பித்தான் வாங்குறாங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். கவனமில்லாத ஒரு பையன் எந்தக் குடும்பத்திலும் இருப்பான், ஊர் மன்னித்துவிடும். முத்திரையே பிசகு என்று தெரிந்தால் அதற்கு மருந்து இல்லை. தப்பு தன்னுடையது என்று மூன்று பேர் முன்னால் அவனே சொல்லியிருந்தான். சொன்ன சொல்லை அவன் மாற்றாமல் பார்த்துக்கொள்வது பெரியவனான என் கடமை.

மறுநாள் விடிந்ததும் துறைக்குப் போனோம். நல்ல பனிமூட்டம். யிப்புக்கு மாற்றாகக் கொடுக்க வேண்டிய ஐந்நூறு வெள்ளியைத் துணிப் பட்டையில் வைத்து அவன் இடுப்பில் நானே கட்டினேன். இளசுகள் போடும் முடிச்சு நிற்காது. நான் இரட்டை முடிச்சுப் போட்டேன்.

"இறுக்கமா இருக்கு பெரியப்பா," என்றான். இருக்கட்டும் என்றேன்.

படகுக்குப் போட்டிருந்த பலகையில் அவன் பாதி தூரம் போனதும், என் பக்கத்து முனையைக் காலால் தள்ளினேன். கனமான பலகை இல்லை. அவனுக்கு நீந்தத் தெரியாது. பிறகு திரும்பி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அது பார்க்கக்கூடிய காட்சி அல்ல. போதுமான நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். அன்று உப்பு சரியாக இருந்தது. மத்தியானத்துக்குள் அவன் உடலை எடுத்துவிட்டார்கள், இடுப்பில் கட்டிய வெள்ளியும் கிடைத்துவிட்டது, ஒரு காசு குறையாமல்.

இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன். கிட்சாங் துறைத் தூணைப் பிடித்துக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால் "பெரியப்பா, பெரியப்பா" என்று வெகுநேரம் கத்தினான் என்று படகுக்காரி மூய் சொல்லித் திரிகிறாள். துறை முழுக்க இப்போது அதே பேச்சு. அது பொய். அவன் ஒரு சத்தமும் போடவில்லை. பத்தடி தள்ளித்தான் நின்றேன்; கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்காமல் போகுமா?