முன்மாதிரி விவசாயியின் உப்பு மூட்டை

டீ நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் சார். எங்கள் கார்வேட்டிநகரம் பக்கம் இப்போது நல்ல பாலுக்குத் தட்டுப்பாடு.

யூரியாவைப் பாதியாகக் குறைத்து எரு போடுகிறவனுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. நல்ல திட்டம். பயிற்சிக்குத் திருப்பதி வரை போய், முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். ஆனால் என் நெல் பயிற்சிக்கு வரவில்லையே, சார். அது பழையபடி யூரியாதான் கேட்டது. வாங்கிவந்து, காலி உப்புச் சாக்குகளில் மாற்றி, மாட்டுக்கொட்டகையில் அடுக்கினேன். எங்கள் பக்கம் யூரியாவையே உப்பு என்றுதான் சொல்வோம். இதில் ஏமாற்று எங்கே வந்தது?

சித்தூரிலிருந்து அதிகாரி பார்வையிட வந்தார். என்னை எருக்குழி முன்னால் நிற்கவைத்து போட்டோ எடுத்து, "சால பாகுந்தண்டி, கேசவன்காரு" என்று, ரொம்ப நன்றாயிருக்கிறதாகத் தெலுங்கில் மெச்சினார். அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு அம்சவேணி வந்தாள். நிலம் கிடையாது. இரண்டு கறவை மாடு. அந்தப் பாலில்தான் மகள் தரணி புத்தூரில் நர்சிங் படித்தாள்.

"மாமா, மாட்டுக் கழுநீருக்கு உப்பு தீந்துபூட்ச்சி. உன் மூட்டைல கொஞ்சம் எடுத்துக்கினு போறேன்."

அதிகாரி நிற்கும்போது ஏழைக்கு உப்பு இல்லை என்பதா? "எடுத்துக்கோம்மா" என்றேன். கையை விட்டால் கண்டுபிடித்துவிடுவாளே என்று நானே சொம்பால் அள்ளி அவள் கவரில் போட்டேன். தாராளமாகவே போட்டேன். அதிகாரி என் குணத்தையும் பாராட்டினார்.

யூரியா கலந்த தண்ணீர் மாட்டைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயிற்சியில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம்தான். ஆனால் அதிகாரிக்கு இலை போட்டாயிற்று. பாதியில் விட்டுப் போவது மரியாதையா?

சாயங்காலத்துக்குள் இரண்டும் வயிறு வீங்கிச் செத்தன.

"என் பொயப்பே போச்சே மாமா! இன்னாத்த துன்னுச்சோ தெரியிலியே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பாம்பாக இருக்கும் என்றேன். எனக்கும் அழுகை வந்தது, அது நிஜம்.

தரணி படிப்பை விட்டாள். அவளை ஸ்ரீசிட்டி கம்பெனியில் சேர்த்துவிட்டது யார்? நான்தான். தாயை என் வயலில் கூலிக்கு வைத்துக்கொண்டதும் நான்தான். போன வாரம் மறதியில், உரம் தூவ அந்தச் சாக்கையே கொடுத்துத் தொலைத்தேன். ஈரக் கையை உள்ளே விட்டாள். ஈரம் பட்டால் யூரியா சில்லென்றிருக்கும், உப்பு அப்படி இருக்காது. சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

ஆமாம் சார், தெரிந்தேதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால், என் உப்பைத் தின்றுவிட்டு என் மேலேயே புகார் கொடுக்க அவளுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!