செம்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல

பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்த மேடை ஏத்திட்டீங்க, ஒரு சின்னச் சங்கதி சொல்லிட்டு இறங்கிடறேன்... பந்தியில பிரியாணி ஆறாது, பயப்படாதீங்க.

நான் போதகரா இருக்கிற சபையில ஜெசிந்தான்னு ஒரு அக்கா. வீட்டுக்குப் பின்னால கொட்டகை போட்டு, காடை முட்டையைச் சூட்டுல வச்சுக் குஞ்சு பொரிக்கிற மெஷின் வச்சிருந்தாங்க. அதுக்குக் கரண்டு வேணுமே? வீட்டுக்காரர் ஏசுவடியான் பாதி தூரம் செம்புக் கம்பி இழுத்தார். மீதி தூரத்துக்கு அக்காவோட தம்பி செல்லத்துரை அலுமினியக் கம்பி கொண்டுவந்தான். ரெண்டையும் சேத்து முறுக்கி, டேப்பு சுத்தி... முடிஞ்சுது வேலை!

முடிஞ்சுதா? கொஞ்ச நாள்லயே மெஷின் விட்டு விட்டு ஓடுது. உள்ள முட்டை. சூடு குறைஞ்சா குஞ்சு செத்துப்போகும்.

"உன் அலுமினியம்தான்டே காரணம்! செம்பு கடத்துற மாதிரி அது கடத்துமா?"

"அத்தான், ரோட்டுக் கம்பத்துல கிடக்கது பூரா என்னது? அலுமினியம்தானே! அதுல வந்த கரண்டுதானே உங்க செம்புக்கே வருது?"

சொல்லுங்க... யார் சொல்றது சரி? ரெண்டு பேருமே சரி! அதான் குழப்பமே.

அத்தான் பிரிச்சு மறுபடி முறுக்குவார். ஓடும்! "பாத்தியாடே, என் கை பட்டதும்..." அப்புறம் நிக்கும். தம்பி முறுக்குவான். ஓடும்! "பாத்தீங்களா அத்தான்..." மறுபடி நிக்கும். என்னை ஜெபம் பண்ணக் கூப்பிட்டாங்க. எனக்கே தலை சுத்திட்டு. யாருக்காக ஜெபிக்க? செம்புக்கா... அலுமினியத்துக்கா?

அக்கா பாத்தாங்க. மெயினை அணைச்சுட்டு, கம்பியைத் தொட்டுக்கிட்டே போனாங்க. செம்பு... ஜில்லுன்னு இருக்கு. அலுமினியம்... அதுவும் ஜில்லுன்னு இருக்கு. நடுவுல அந்த ஜாயிண்ட்... ஐயோ, விரலைச் சுட்டுட்டு! டேப்பு உருகிக் கிடக்கு.

"ரெண்டு பேரும் இங்க வாங்க. உங்க கம்பியில ஒரு குறையும் இல்ல. நீங்க முறுக்கின இடம்தான் வேகுது!"

கடையில கேட்டா, இந்த ரெண்டையும் நேராச் சேக்கக்கூடாதாம். நடுவுல போட ஒரு கிளிப்பு இருக்காம். ஒரு பக்கம் செம்பைப் பிடிக்கும், மறுபக்கம் அலுமினியத்தைப் பிடிக்கும். போட்டாங்க. அப்புறம் மெஷின் நிக்கவே இல்ல. ஆனா குஞ்சு... பாதிதான் பொரிஞ்சுது.

மாப்பிள்ளை வீட்டாரே... பொண்ணு வீட்டாரே... காலையில இருந்து பாக்கறேன், எந்தக் குடும்பம் உசத்தின்னே பேச்சு. எனக்கும் குழப்பமாத்தான் இருந்துச்சு. இப்பச் சொல்றேன்... ரெண்டும் உசத்திதான்! ஆனா உங்க இழுபறியில நடுவுல கிடந்து வேகப்போறது யாரு? இதோ... தலை குனிஞ்சு உக்காந்திருக்கே, இந்தப் பிள்ளை. உசத்தியை அப்புறம் பேசலாம். முதல்ல, இவ கையைத் தொட்டுப் பாருங்க... சுடுதான்னு.