இருபதாவது குண்டூசி

எனக்குக் கைநடுக்கம் கிடையாது, தம்பி. எண்பத்து மூன்று வயதிலும் கண்ணாடி இல்லாமல் நூல் கோப்பேன். அதனால்தான் மியூசியத்தில் அந்த விண்வெளி உடையைப் பிரிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

டெலவேரில் ஒரு தையல் ஃபேக்டரியில் நாங்கள் பெண்களுக்கு உள்ளாடை தைத்துக்கொண்டிருந்தவர்கள். பிறகுதான் நிலவுக்குப் போகிறவர்களுக்குத் தைத்தோம். ஆளுக்கு இருபது குண்டூசி, ஆளுக்கொரு நிறத் தலை. எனக்கு நீலம், பக்கத்து மிஷின் வெல்டாவுக்குச் சிவப்பு. உடைக்குள் ஒன்றுகூடத் தங்கிவிடக் கூடாது என்று சாயங்காலம் எண்ணிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும்.

ஒருநாள் என்னிடம் பத்தொன்பதுதான் இருந்தது. வெல்டா எழுந்து போன சமயம் அவளுடையதில் ஒன்றை எடுத்து, நீல நெயில் பாலிஷ் பூசிக் காயவைத்தேன். வேலை போனால் என் இரண்டு பிள்ளைகள் கதி என்ன? அவளுக்குக் குழந்தை குட்டி கிடையாது.

சாயங்காலம் எண்ணியபோது வெல்டாவுக்கு ஒன்று குறைந்தது. அவள் ஊசி குப்பையோடு போயிருக்கும் என்று சூப்பர்வைசர் விட்டுவிட்டார். மறுவாரம் காற்றில்லாத சோதனை அறையில் உடையின் முழங்கால் கிழிந்தது. உள்ளே இருந்தவன் ராய்ஸ், வெல்டாவின் தம்பி. உடையைப் பிரிக்காமலே பூட்டி வைத்துவிட்டார்கள். எண்ணிக்கை குறைந்தது யாருக்கு என்றுதான் எல்லாருக்கும் தெரியுமே.

"என் ஊசிதான்டி அவனைக் கொன்னுடுச்சு, ஆர்டித்" என்று என் மடியில் விழுந்து அழுதாள். பாவமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வருஷம் ஞாயிறு தவறாமல் அவளுக்கு ஆப்பிள் பை செய்து கொண்டு போனேன்.

இந்த வசந்தத்தில் மியூசியத்தில் எக்ஸ்ரே எடுத்தபோது முழங்காலில் ஊசி தெரிந்தது. நிறம் மட்டும் தெரியவில்லை. வெல்டா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பச்சையோ மஞ்சளோ, எதுவா வேணா இருக்கட்டும்டி. சிவப்பா மட்டும் இருக்கக் கூடாது. அது தெரிஞ்சாப் போதும், நிம்மதியாப் போய்ச் சேருவேன்."

"பேசாம உக்காருடி, கை தடுமாறுது" என்றேன்.

தையலைப் பிரித்ததும் பழைய ரப்பர் வாடையோடு ஒரு ஆண்பிள்ளையின் வியர்வை வாடையும் வந்தது. உடையின் காலிக் கை ஒன்று சரிந்து என் மணிக்கட்டின் மேல் விழுந்தது. ஊசி நீலம். அதை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, அன்று வெல்டாவிடம் எடுத்து, இப்போது பாலிஷைச் சுரண்டிக் கொண்டுபோயிருந்த அந்தப் பழைய ஊசியைத் தட்டில் வைத்தேன். உங்கள் மியூசியக் கேமராவில் தெரிகிற இரண்டாவது ஊசி அதுதான்.

வெல்டா அந்தச் சிவப்புத் தலையைப் பார்த்தாள். "அப்போ நான்தான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. பதினோரு நாள் இருந்தாள்.

நானே சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். தம்பியை இழந்தவள், கடைசிக் காலத்தில் இருக்கிற ஒரே தோழியையும் இழக்க வேண்டுமா? அவளுக்காகத்தான் மறைத்தேன். இப்போதெல்லாம் முழங்காலில் சுருக்கென்று குத்துகிறது. வயசுதான், வேறென்ன.

நீல ஊசி அவளிடமே இருக்கிறது. சவப்பெட்டியில் அவள் காலர் தூக்கிக்கொண்டு நின்றது, அதைக் குத்திச் சரிசெய்தேன். இப்படி ஒரு தோழி கிடைக்க வெல்டா கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.