பிஸ்டனில் விழுந்த கோடுகள்

— பேச்ச மாத்தாத, தொமோயெ. இந்தப் பிஸ்டனப் பாரு. எங்க போயிருந்த?

— அதான் சொன்னேனேங்க. ஈடா சந்தைக்கு. ஆப்பிள் கூடைய இறக்கிட்டு நேரா வீட்டுக்கு. வாங்க, மிசோ சூப் ஆறுது.

— ஆறட்டும். சந்தைலயா கார் நின்னுச்சு?

— ஆமா. கீச்சுனு ஒரு சத்தம், அப்படியே நின்னுடுச்சு. கொஞ்சம் ஆறவிட்டேன், கிளம்பிடுச்சு. ஒலிம்பிக் வருஷம் வாங்குன குட்டிக் கார், முரண்டு பிடிக்காதா?

— ஊருல பாதிப் பேரு கார நான்தான் பிரிச்சு மாட்டுறேன். எங்கிட்டயே கதை விடுற. பெட்ரோல் போட்டியா?

— போட்டேன்.

— எண்ணெய் கலந்தியா?

— ஐயோ, மறந்திருப்பேங்க! அதனாலதான் இருக்கும். என் தப்புதான்.

— உடனே ஒத்துக்கிட்டியே! இந்தா, என் விரல மோந்து பாரு. உன் டேங்க்ல இருந்து எடுத்தது. எண்ணெய் வாசனை மூக்கைத் துளைக்குது. பண்ணாத தப்ப ஏன் தலைல போட்டுக்கிற?

— நீங்க என்ன போலீஸா?

— இந்த என்ஜினுக்கு எண்ணெய் தனியாப் போகாது, பெட்ரோலோட சேர்ந்துதான் போகும். ஆக்ஸிலரேட்டர் மிதியில இருந்து கால எடுத்தா ரெண்டும் நின்னுடும். கால எடுத்துட்டு, கியர்லயே, நீள இறக்கத்துல வந்தாதான் பிஸ்டன்ல இப்படிக் கோடு விழும். ஈடா சந்தைல மலை எப்ப முளைச்சது?

— சூப் ஆறியே போச்சுங்க.

— கணவாய் தாண்டியிருக்க. அந்தப் பக்கம் கிஸோ. கிஸோல யாரு இருக்கா உனக்கு?

— உனக்காம்! உங்களுக்கு இல்லியா?

— மரமறுக்குற பய பின்னாடி ஓடினவ பேர இந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

— பேர எடுக்கலையே. கார எடுத்தேன்.

— வாய் நீளுது. உன் மக என்ன கேக்குறா?

— ஒண்ணும் கேக்கல. வாயத் தொறந்தா இருமல்தான் வருது. நெஞ்சுப் படத்துல நிழல் தெரியுதாம். காசநோய் ஆஸ்பத்திரில சேரச் சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை விடிஞ்சா காட்டுக்குப் போயிடுறாரு.

— மாப்பிள்ளையாம்!

— சரி, மரமறுக்குற பய. என்னமோ சொல்லிக்கோங்க. என்ஜின எப்ப மாட்டுவீங்க?

— மறுபடி போகவா? இனிமே சாவி என் இடுப்புல. அந்த இறக்கத்துல என்ஜின் பிடிச்சுக்கிட்டா சக்கரமும் சேர்ந்து நிக்கும். வளைவுல நின்னிருந்தா நேரா பள்ளம். தெரியுமா உனக்கு?

— தெரியுங்க. கீச்சுன்னப்பவே தெரிஞ்சுது. அதான் கேக்குறேன். பனி விழுந்து கணவாய் மூடுறதுக்குள்ள இன்னும் ஒரே ஒரு தடவை போகணும். வரும்போது பின் சீட்டுல நம்ம பேத்தி இருப்பா. அந்த இறக்கத்துல எப்படி இறங்குறதுன்னு எனக்குச் சொல்லித் தருவீங்களா?