அலட்சியம் என்று எழுதாதீர்கள்

ஏழாம் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொல்லத்தான் வந்தேன், ஐயா. மற்றபடி உங்கள் விசாரணை அறிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேதிகள் சரி, படங்கள் சரி, எழுத்துப்பிழைகூட இரண்டே இரண்டுதான். தேநீர் வேண்டாம். அந்தக் குவளையின் விளிம்பில் யாருடைய உதடோ பட்ட தடம் இன்னும் இருக்கிறது.

‘மெக்கானிக்கின் அலட்சியமே மரணத்துக்குக் காரணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பறக்கும் பயிற்சிப் பள்ளியின் ஆறு விமானங்களையும் இருபத்திரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். விமானக் கொட்டகையில் எனக்குச் சோப்பு என்று பட்டப்பெயர். ஒரு நாளைக்கு எத்தனை முறை கை கழுவுகிறேன் என்று பந்தயம் கட்டுவார்கள். கட்டட்டும். அந்தச் சொல் அப்படியே இருந்தால் ஆறு மாதம் என் உரிமம் போகும், அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டால் எனக்கு என்ன நடக்கும் என்றும் தெரியும். இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

இறந்தவர் என் தங்கையின் கணவர், பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நல்ல மனிதர், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. என் தங்கையை ஒரு நாளும் அழவைத்ததில்லை. ஆனால் சாவியை வாயில் வைப்பார்.

விமானச் சாவி, பெட்டிச் சாவி மாதிரிச் சின்னப் பித்தளைச் சாவிதான். அவர் அதோடு வீட்டுச் சாவி, பைக் சாவி, மேசைச் சாவி என்று ஒரு கொத்தையே தொங்க விடுவார். பறக்கும்போது அந்தக் கொத்து ஆடி ஆடி, சாவி செருகும் சுவிட்சின் உள்பக்கம் தேய்ந்துபோனது. தேய்ந்ததும் சாவி ஒழுங்காக இறங்காது. இறங்காததால் அதை நாக்கில் ஒரு இழுப்பு இழுத்து, எச்சில் மினுமினுக்கச் செருகுவார். உறிஞ்சும் சத்தம் எனக்குக் கொட்டகையின் அடுத்த முனையில் கேட்கும். அந்தப் பித்தளை நாக்கில் பட்டதும் புளிக்கும், கசப்பு பிறகுதான் வரும். அவருக்கு எதுவும் உறைத்ததாகத் தெரியவில்லை.

“கொஞ்சம் ஈரம் பட்டா போதும் மச்சான், வழுக்கிட்டுப் போயிடும்” என்பார்.

நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. பூட்டுக்குப் போடும் கிராஃபைட் பொடி வாங்கிக் கொடுத்தேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் சின்ன ஸ்க்ரூடிரைவரைத்தான் ஒரு நாள் காதில் போட்டுக் குடைந்துகொண்டிருந்தார். குடைந்து முடித்து, கால்சட்டையில் துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

வருடாந்திரச் சோதனையில் அந்தச் சுவிட்சைக் கழற்றிப் பிரித்தேன். எண்ணெய், கிரீஸ், புகைக்கரி இவற்றையெல்லாம் நான் அழுக்காகவே நினைப்பதில்லை. இது வேறு. பித்தளைத் தூள், சட்டைப்பைப் பஞ்சு, வேர்க்கடலைத் தோல், எல்லாம் எச்சிலில் ஊறிப் பழுப்புக் களிம்பாகி, தகடுகளுக்கு நடுவே அப்பியிருந்தது. வாடையும் அடித்தது. குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன், திரும்பி வந்து பார்த்தேன், மறுபடி போய்க் கழுவினேன்.

இதைப் படிக்கப்போகிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். காரில் சாவியைத் திருப்பி எடுத்தால் மின்சாரம் நின்றுவிடும். சின்ன விமானத்தில் அப்படி இல்லை. இன்ஜினில் மேக்னெட்டோ என்று இரண்டு இருக்கின்றன. பேட்டரியே வேண்டாம், இன்ஜின் சுற்றினால் போதும், அவை தீப்பொறி கொடுக்கும். அவற்றை அடக்க வேண்டுமானால் விமானத்தின் உலோக உடம்போடு இணைக்க வேண்டும். சாவியை ஆஃப் பக்கம் திருப்பும்போது சுவிட்ச் செய்கிற வேலை அதுதான். உள்ளே அந்தத் தகடு தேய்ந்திருந்தால் சாவி ஆஃபில் இருக்கும், மேக்னெட்டோ மட்டும் விழித்திருக்கும். அப்போது யாராவது புரொப்பல்லரைக் கையால் அசைத்தால் இன்ஜின் ஒரு உதை உதைக்கும். அந்த ஒன்றே போதும், புரொப்பல்லர் சுழன்று ஆளை அடித்துவிடும். மாப்பிள்ளை எல்லா விமானிகளையும் போல எரிபொருளை அடைத்துத்தான் இன்ஜினை நிறுத்துவார், ஆகவே சாவி வேலை செய்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. நிறுத்துவதற்கு முன் சாவியை ஒரு கணம் ஆஃபுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும் என்பது விதி. அதையும் அவர் செய்வதில்லை.

அந்தத் தேய்ந்த சுவிட்சில் இடது மேக்னெட்டோவின் தகடு போய்விட்டிருந்தது. புதியதை வரவழைத்துப் பொருத்தி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதில் பொய் இல்லை. சாவி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மாப்பிள்ளை சந்தோஷப்பட்டார், என் தோளைத் தட்டினார். பிறகு சாவியை வாயில் வைத்து, ஒரு இழுப்பு இழுத்து, என் புதிய சுவிட்சில் செருகினார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிடும்போதே அவர் ஒரு ஆப்பிளைக் கடித்து, “நல்லா இனிக்குது, கடிச்சுப் பாரு” என்று தங்கையிடம் நீட்டினார். அவர் பல் பட்ட இடத்திலேயே அவள் கடித்தாள். சிரித்தாள். பாவம், முகம் சுளிக்கக்கூட அவளுக்கு அந்த வீட்டில் இடமில்லை என்று எனக்குப் பட்டது.

“என்னண்ணா, சாப்பிடாம உக்காந்திருக்கே?” என்றாள்.

வயிறு சரியில்லை என்றேன். அவளுக்காக யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். எனக்குக் கோபம் கிடையாது. அருவருப்பு இருந்தது, அதை மறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை புதிய சுவிட்சைக் கழற்றினேன். ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, அதன் பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, பெட்டியின் வாயைப் பழைய மடிப்பு மாறாமல் ஒட்டி அலமாரியில் வைத்தேன். உங்கள் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, பெட்டியே திறக்கப்படவில்லை, மெக்கானிக் மாற்றாமலே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று எழுதினார்கள். லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கத் திருகுகள் எல்லாவற்றிலும் என் ஸ்க்ரூடிரைவர் பட்ட தடம் இருக்கும். பிறகு கையுறை போட்டுக்கொண்டு தேய்ந்த சுவிட்சை மறுபடி பொருத்தினேன். வெளிமுகத்தைத் துடைத்துப் புதிது போல ஆக்கினேன். உள்ளே இருந்த களிம்பைத் தொடவில்லை. அது அவருடையது.

ஒன்பது நாள் அந்த விமானம் அப்படியே பறந்தது, பதினான்கு மாணவர்களோடு. புரொப்பல்லரைத் தொடாதே என்று கொட்டகைச் சுவரில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. ஒட்டியது நான். நான்காம் நாள் ஒரு மாணவி புரொப்பல்லரில் நசுங்கி ஒட்டியிருந்த பூச்சிகளைக் கைக்குட்டையால் துடைக்கப் போனாள். நல்ல சுத்தமான பெண். கூப்பிடலாமா என்று யோசித்தேன். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாள். துடைத்தாள், புரொப்பல்லர் அசையவில்லை, போய்விட்டாள்.

மாப்பிள்ளைக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி மாணவன் இறங்கிப் போனதும் சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமானத்தின் முன்னால் வருவார். புரொப்பல்லர் கோணலாக நின்றிருந்தால் கையால் திருப்பிப் படுக்கைவாட்டில் நிறுத்துவார். கோணல் அவருக்குப் பிடிக்காது. அவரிடம் இருந்த ஒரே ஒழுங்கான பழக்கம் அது. எட்டு நாளும் அவர் தொட்டார், இன்ஜின் உதைக்கவில்லை. அது சிலிண்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவியைப் பொறுத்தது. நான் அவசரப்படவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை நான் குழாயடியில் இருந்தேன். கையில் நுரை இருந்தது. இன்ஜின் ஒரே ஒரு முறை இருமியது, பிறகு சாவிக்கொத்து தரையில் விழுந்து சிதறும் சத்தம். நுரையைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து, துண்டை மடித்துப் போட்டுவிட்டுத்தான் போனேன். ஓட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நீங்கள் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் அந்த ரத்தம் அப்படியே கிடந்தது, ஈ மொய்த்துக்கொண்டு. உங்கள் ஏற்பாட்டில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான்.

தங்கை இப்போது என் வீட்டில் இருக்கிறாள். நேற்று உங்கள் அறிக்கையின் நகல் வந்தபோது அவள்தான் பிரித்துப் படித்தாள். படித்ததை மடித்து உறையில் போட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுண்ணா. மனுஷன்னா மறக்கிறதுதான். அவரா இருந்தா உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்.”

செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஐயா. இருபத்திரண்டு வருடத்தில் நான் எதையும் மறந்ததில்லை. அதனால்தான் விடிந்ததும் இங்கே புறப்பட்டு வந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. அறிக்கைக்கு அது தேவைப்படாது. நேற்று மாலை அவள் கடைக்குப் போய்த் திரும்பினாள். நீங்கள் திருப்பிக் கொடுத்த அதே சாவிக்கொத்தில் என் வீட்டுச் சாவியையும் மாட்டி வைத்திருக்கிறாள். வாசல் பூட்டு சற்று முரண்டு பிடித்தது. நான் உள்ளே இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சாவியை எடுத்து நாக்கில் ஒரு இழுப்பு இழுத்தாள். அந்தச் சத்தமும் வந்தது.

கதவைத் திறந்து, “அதை வாயில வைக்காதே, கழுவு” என்றேன். அவள் பல நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

“இதுல என்னண்ணா இருக்கு? அவருக்கே நான்தான் இதைப் பழக்கிவிட்டேன். எனக்கு நீ பழக்கிவிட்டே. பழைய வீட்டு வாசக்கதவு ஞாபகமில்லையா? ஸ்கூல் விட்டு வந்ததும் நக்கி நக்கித் திறப்பியே. கொஞ்சம் ஈரம் பட்டா போதும், வழுக்கிட்டுப் போயிடும்னு சொல்வியே.”

எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. துக்கத்தில் அவளுக்கு ஏதேதோ தோன்றுகிறது. என் வாழ்நாளில் நான் ஒரு சாவியை வாயில் வைத்ததில்லை. வைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே இப்படி எழுதுங்கள்: அலட்சியம் ஏதுமில்லை, மெக்கானிக் தெரிந்தே செய்தார், சுத்தமாகச் செய்தார். கையெழுத்தை என் பேனாவிலேயே போடுகிறேன், உங்களுடையதை யாரோ கடித்திருக்கிறார்கள். பிறகு வாய் கொப்பளிக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். நேற்று மாலையிலிருந்து எத்தனையோ முறை கொப்பளித்துவிட்டேன், இந்தப் புளிப்பு போக மாட்டேன் என்கிறது.