பிஸ்கோத்து டின்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது கள்ளக்குறிச்சி சாலையில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். நான் வந்த பஸ் நின்றுவிட்டது. இறங்கி நிழலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பழைய பிளஷர் கார். பின்சீட்டில் ஒரு பெண் பிரசவ வலியில் இருந்தாள். அவளுடைய அப்பா, பின்னால் வந்து நின்ற புதுச் சின்னக் காரின் சொந்தக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாங்க, பிஸ்கோத்து டின்னுக்கு சக்கரம் மாட்டினு வந்திருக்கீங்க?"

தன் கார்க் கதவை ஓங்கிச் சாத்திக் காட்டினார். "கேட்டீங்களா? இரும்பு. எருமை மோதினா எருமைதான் சாவும்."

"யப்பா, கதவ சாத்தாதப்பா" என்று உள்ளே பெண் முனகினாள்.

பஸ்ஸில் வந்தவர்கள் சேர்ந்து அந்தக் காரைத் தூக்கி மரத்தைத் தாண்டவைக்கப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

"இரும்பாச்சே" என்றான் ஒருவன்.

பிறகு சின்னக் காரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். சொந்தக்காரர், "பொண்ண இதுல ஏத்துங்கண்ணா" என்றார்.

பெண்ணை ஏற்றிவிட்டு, அப்பா முன்சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். "என் வண்டி தனியா நிக்குதே."

"அத எவன் தூக்கினு போவப் போறான்?" என்றான் கார் தூக்கியவர்களில் ஒருவன்.

அவர் பழக்கத்தில் கதவை ஓங்கிச் சாத்தப் போனார்.

"மெல்லங்கண்ணா. டின்னு."

இரண்டு கையாலும் பிடித்துச் சத்தமில்லாமல் சாத்தினார்.